கேள்வி - பதில்: 2147483647 என்னும் பகா எண்

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேல் நீளும் பகா எண்ணைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நீலகிரியின் பல ஊர்களிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்த மாபெரும் எண்ணை விட்டுவிட்டு, பத்தே இலக்கம் கொண்ட 2147483647 என்ற எண்ணைச் சுற்றியே அமைந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. பெரிய எண்ணைப் பற்றிப் பிறர் சொல்வதை நம்பத்தான் முடியும். இந்தப் பத்து இலக்க எண்ணையோ ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் உள்ள எவரும் தாமே சோதித்து அறியலாம். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரே எண்ணுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற வாசகர், குன்னூர்: "2038-ஆம் ஆண்டு ஜனவரியில் பழைய கணினிகளின் கடிகாரம் தவறிவிடும் என்றும், 2147483647 என்ற எண்தான் அதற்குக் காரணம் என்றும் என் மகன் சொல்கிறான். அந்த எண் பகா எண்ணாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

தங்கள் மகன் சொன்னது சரி. பல கணினிகள் நேரத்தை, 1970 ஜனவரி 1 தொடங்கிக் கடந்துபோன விநாடிகளின் எண்ணிக்கையாகவே வைத்துக்கொள்கின்றன. பழைய அமைப்புகளில் அந்த எண்ணிக்கைக்கு 32 பிட் இடம் மட்டுமே தரப்பட்டது; பிட் என்பது 0 அல்லது 1 மட்டுமே நிற்கக்கூடிய ஓர் இலக்கம். அதில் ஒரு பிட், மிகை எண்ணா குறை எண்ணா என்பதைக் காட்டுவதற்குப் போய்விடும். எஞ்சிய 31 பிட்டுகளும் 1 ஆகிவிட்டால் இடம் நிரம்பிவிட்டது என்று பொருள். அப்படி 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும் இரும எண்ணின் மதிப்புதான் 2147483647, அதாவது 2³¹ − 1. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்த இடம் நிரம்புகிறது. அடுத்த விநாடியில் எண் குறை எண்ணாகப் புரண்டு, கடிகாரம் 1901 டிசம்பரைக் காட்டும். நேரத்துக்கு 64 பிட் இடம் ஒதுக்கும் அமைப்புகளுக்கு மாறியவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 16 பிட் இடத்தில் இதே முறையில் கிடைக்கும் மிகப் பெரிய எண் 32767. அது 7 × 31 × 151 என்று பிரிந்துவிடுகிறது. 64 பிட் இடத்துக்குரிய 9223372036854775807 என்ற எண்ணும் 7 ஆல் வகுபடும். காரணம் எளியது. 32767 என்பது 15 ஒன்றுகள் கொண்ட இரும எண். அந்த ஒன்றுகளை மும்மூன்றாகப் பிரித்தால் 111 என்ற தொகுதி ஐந்து முறை வரும். இரும எண்ணில் 111 என்பது 7 ஆதலால், முழு எண்ணும் 7 ஆல் வகுபட்டே தீரும். ஐந்தைந்தாகப் பிரித்தால் 11111, அதாவது 31, கிடைக்கிறது, அதனாலும் வகுபடும். இப்படிச் சம தொகுதிகளாகப் பிரிக்க முடியாதபடி ஒன்றுகளின் எண்ணிக்கையே ஒரு பகா எண்ணாக இருந்தால்தான், முழு எண் பகா எண்ணாவதற்கு வழியே உண்டு. 31 அப்படிப்பட்டது. ஆயினும் அது மட்டும் போதாது: 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 ஆகிய 2047 என்பது 23 × 89.

சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி: "எவ்வளவு முயன்றாலும் சம வரிசைகளாக அடுக்க முடியாத நாற்றுப் பைகளின் எண்ணிக்கையே பகா எண் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இருநூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணை யாரும் அடுக்கிப் பார்க்க முடியாதே. கணினி இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள்?"

மகளுக்கு நீங்கள் சொன்ன விளக்கம் மிகச் சரியானது, அதிலிருந்தே தொடங்குவோம். ஓர் எண்ணைச் சம வரிசைகளாக அடுக்க முடியுமானால், வரிசைகளின் எண்ணிக்கை, ஒரு வரிசையில் உள்ள பைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டில் ஒன்றாவது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டுகிறது. ஆகவே 46340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அந்த எல்லைக்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. பத்து இலக்க எண்ணை அத்தனை முறை பிழையில்லாமல் வகுப்பது ஒரு மனிதரை ஓய்த்துவிடும் வேலை.

இத்தாலியரான பியத்ரோ கட்டால்டி, 1588-இல் இப்படித்தான் ஒவ்வொன்றாக வகுத்து 2¹⁹ − 1 பகா எண் என்று நிறுவினார். அதன்பின் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று அவர் அறிவித்தார். அந்த நான்கில் 31 மட்டுமே சரி. அதையும் அவர் நிறுவவில்லை. நிறுவியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், கண்பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்த முதிய வயதில், பெர்னூலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முடிவை அவர் தெரிவித்தார். ஆண்டு 1772. அவர் கையாண்ட வழியை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பகுதியில் நான் சொல்ல விரும்பும் அனைத்திலும் அதுவே அழகானது.

முதல் வடிகட்டி, 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவுடையது. 2047 என்ற சிறிய எண்ணை எடுத்து அதைப் பார்ப்போம். 2-இன் அடுக்குகளை 23 ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1 என்று வருகின்றன. பதினொன்றாவது இடத்தில் 1 வந்துவிட்டது. இனி இதே பதினொரு மீதிகள் திரும்பத் திரும்ப வரும். 2¹¹ − 1 என்பது 23 ஆல் மீதியின்றி வகுபடுகிறது என்பதற்கும், பதினொன்றாவது மீதி 1 என்பதற்கும் பொருள் ஒன்றே. மற்றொரு புறம், 23 பகா எண்ணாதலால் 2-இன் 22-ஆம் அடுக்கை அதனால் வகுத்தாலும் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். இரண்டும் ஒருங்கே உண்மையாக வேண்டுமானால் 22 என்பது 11-இன் மடங்காக இருக்க வேண்டும், அப்படித்தான் இருக்கிறது. 2047-இன் மற்றொரு காரணி 89. அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 88, அதுவும் 11-இன் மடங்கு.

இதையே 2³¹ − 1-க்குப் பொருத்துங்கள். அதை வகுக்கும் பகா எண் ஏதேனும் இருக்குமானால், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 31-இன் மடங்கு வர வேண்டும். அந்தப் பகா எண் ஒற்றைப்படை ஆதலால், 1-ஐக் கழித்து வருவது 62-இன் மடங்காகவே இருக்கும். இவ்வொரு வடிகட்டியே கட்டால்டியின் மற்ற மூன்று கூற்றுகளையும் எவ்வளவு எளிதாக வீழ்த்தியது என்று பாருங்கள். 23-க்கு 46-இன் மடங்குடன் 1 கூட்ட வேண்டும். முதலில் வருவதே 47, அது 2²³ − 1-ஐ வகுத்துவிடுகிறது. 37-க்கு 74-இன் மும்மடங்குடன் 1 கூட்டினால் வரும் 223 வகுக்கிறது. 29-க்கு 58-இன் நான்கு மடங்குடன் 1 கூட்டிய 233 வகுக்கிறது.

இரண்டாவது வடிகட்டி இன்னும் நுட்பமானது. நாம் தேடும் பகா எண்ணால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1 என்றால், 2³²-ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆகவே அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது 2 என்ற மீதியைத் தரும் ஒரு வர்க்கம் இருக்கிறது. இப்படி இருக்க வேண்டுமானால் அந்தப் பகா எண்ணை 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக மட்டுமே இருக்க முடியும்.

இரண்டையும் இணைப்போம். 62-இன் மடங்குடன் 1 கூட்டி வரும் எண்களை, 8 × 31 ஆகிய 248 ஆல் வகுத்தால் 1, 63, 125, 187 ஆகிய நான்கில் ஒன்றே மீதியாக வரும். இவற்றுள் 125-ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 5, 187-ஐ வகுத்தால் 3, இரண்டும் கழிந்தன. எஞ்சுவன 1, 63 மட்டுமே. அதாவது 248-இன் ஏதேனும் ஒரு மடங்குடன் 1-ஐயோ 63-ஐயோ கூட்டி வரும் எண்களே 2147483647-ஐ வகுக்கும் தகுதி உடையவை. 46340 வரை அப்படிப்பட்ட எண்கள், பகு எண் என்று பார்த்தவுடனே தெரியும் 63-ஐ நீக்கினால், 372. அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். முதலில் வரும் 249 என்பது 3 × 83. அடுத்த 311 பகா எண். பிறகு 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாமே பகு எண்கள். அதன்பின் 1303 பகா எண். இப்படி எஞ்சும் பகா எண்கள் 80-ஐ ஒட்டியே உள்ளன. 311 ஆல் 2147483647-ஐ வகுத்தால் மீதி 35. 1303 ஆல் வகுத்தால் மீதி 226. மற்றவற்றையும் ஆய்லர் இப்படியே பார்த்தார்; ஒன்றிலும் மீதி பூச்சியமாகவில்லை.

நான்காயிரத்து எண்ணூறு வகுத்தல்கள் எண்பதாகக் குறைந்தன என்பதில் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. விடுபட்ட 4,700 பகா எண்களில் ஒன்று தப்பித்தவறி வகுத்துவிடுமோ என்ற ஐயத்துக்கு இங்கே இடமே இல்லை. மகளுடன் அமர்ந்து, 311-இல் தொடங்கி முதல் ஐந்தாறு வகுத்தல்களையாவது செய்து பாருங்கள். கணிப்பானைப் பயன்படுத்தினாலும் தவறில்லை.

பள்ளி ஆசிரியை, உதகமண்டலம்: "இந்த எண்ணிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று மாணவர்களுக்குச் சொன்னேன். அது எது? இதைவிடப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று?"

தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்கள் அனைத்தையும் கூட்டினால் தானே கிடைக்கும் எண்ணே நிறைவெண். 6 என்பது 1 + 2 + 3, 28 என்பது 1 + 2 + 4 + 7 + 14. 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்குமானால், அதை முந்தைய அடுக்கால் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இந்த வடிவத்தில்தான் இருக்கும் என்று நிறுவியவர் மீண்டும் ஆய்லர். நம் எண்ணை 2³⁰ ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்னும் 19 இலக்க நிறைவெண் வருகிறது.

1811-இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, இந்த நிறைவெண்ணைவிடப் பெரியது இனி ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாது என்று எழுதினார். இவை வெறும் விந்தைகளே, பயன் ஏதுமில்லை, ஆகவே இதைத் தாண்டிச் செல்ல எவரும் முயலமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 2147483647 என்ற எண், அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியது என்ற இடத்தை 1867 வரை வைத்திருந்தது என்பது உண்மைதான். அவ்வாண்டில் 2⁵⁹ − 1-இன் காரணியாகிய 3203431780337 அதை முந்தியது. 1876-இல் பிரான்சின் எட்வர்ட் லூக்கா, 2¹²⁷ − 1 என்னும் 39 இலக்க எண் பகா எண் என்று நிறுவினார். அதனுடன் பார்லோவின் கூற்றும் முடிவுக்கு வந்தது. பயனில்லை என்பதால் மனிதர் ஒன்றைத் தேடாமல் விட்டுவிடுவர் என்று கணித்ததுதான் அவர் செய்த தவறு என்பேன். பயனில்லை என்று அவர் கருதியதும் நிலைக்கவில்லை என்பதை இதற்கடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

மென்பொருள் பணியாளர், கூடலூர்: "தற்செயல் எண்களை உருவாக்கும் நிரல்களில் 16807, 2147483647 என்ற இரு எண்களைச் சேர்த்தே பார்த்திருக்கிறேன். ஏன் இந்த இணை?"

அந்த நிரல் செய்வது இதுதான். 1-இல் தொடங்கி, 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்கிறது. அந்த மீதியை மீண்டும் 16807 ஆல் பெருக்கி அதையே செய்கிறது. 16807, 282475249, 1622650073, 984943658 என்று மீதிகள் எந்த ஒழுங்கும் புலப்படாமல் வருகின்றன. இதன் சிறப்பு, 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒரே ஒரு முறை வந்த பிறகுதான் 1 திரும்பி வரும் என்பது. வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் எந்தப் பெருக்கியாலும் இது கைகூடாது.

பகா எண்ணாக இருந்தாலும் எல்லாப் பெருக்கிகளும் உதவா. 7-இன் அடுக்குகள் இந்தப் பகா எண்ணின் எல்லா மீதிகளையும் தொட்டுச் செல்பவை. 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. ஐந்தைந்தாகத் தாவினாலும் எதுவும் விடுபடாமல் இருக்க, 5-க்கும் 2147483646-க்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 2147483646-ஐப் பிரித்தால் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. அதில் 5 இல்லை. 1969-இல் ஐபிஎம் கணினிகளுக்காக முன்வைக்கப்பட்ட இம்முறையை, 1988-இல் பார்க், மில்லர் ஆகிய இருவர் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள்.

வேகமும் ஒரு காரணம். 9 ஆல் வகுக்கும்போது மீதியை அறிய இலக்கங்களைக் கூட்டுகிறோம் அல்லவா? அதேபோல் 2³¹ − 1 ஆல் வகுக்கும்போது, இரும எண்ணை 31 இலக்கத் துண்டுகளாக வெட்டிக் கூட்டினாலே மீதி வந்துவிடும். வகுத்தல் செயலே தேவைப்படாது. ஆனால் கடவுச்சொல் போன்ற மறைவு காக்க வேண்டிய எதற்கும் இம்முறையைப் பயன்படுத்தாதீர்கள். ஓர் எண் தெரிந்தவருக்கு அடுத்தடுத்த எண்கள் அனைத்தும் தெரிந்துவிடும்.

விடுதி நடத்துபவர், கொடைக்கானல்: "அமெரிக்காவில் சில சிள்வண்டுகள் 13 அல்லது 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருவது அவை பகா எண்கள் என்பதால்தான் என்று படித்தேன். நம் குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறதே, 12 பகா எண் இல்லையே?"

மேலே சொன்ன பொதுக் காரணிக் கணக்கே இங்கும் வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும் எதிரி, 12 ஆண்டுச் சுழற்சி உடையதை ஒவ்வொரு முறையும் சந்திக்கும். 13 ஆண்டுச் சுழற்சி உடையதை 52 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் சந்திக்கும். சிள்வண்டுகளைப் பற்றி உயிரியலாளர்கள் முன்வைக்கும் கருதுகோள்களில் இது ஒன்று. குறிஞ்சிக்கு இது பொருந்தாது. 12-க்கு 2, 3, 4, 6 என வகுஎண்கள் நிறைய உண்டு. மலைச்சரிவு முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, உண்பவை உண்டு தீர்க்க முடியாத அளவுக்கு விதைகளைக் கொட்டுவதே அதற்குப் பாதுகாப்பாக இருக்கலாம். 2006, 2018 என்று பெரிய அளவில் பூத்த குறிஞ்சி, கணக்குப்படி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும்.

வாசகர், பந்தலூர்: "2147483647-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?"

முடியாது. ஒரு வர்க்கத்தை 4 ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. ஆகவே இரு வர்க்கங்களின் கூட்டலில் மீதி 0, 1, 2 ஆகியவற்றுள் ஒன்றாகவே இருக்கும். நம் எண்ணின் மீதி 3.

தொழிலாளி, அரவங்காடு: "நான்கு கோடி இலக்க எண்ணை ஆய்லரின் முறையில் சோதிக்க முடியாது என்று புரிகிறது. அப்படியானால் எப்படிச் சோதித்தார்கள்?"

வகுஎண்களைத் தேடுவதையே விட்டுவிட்டார்கள். லூக்கா உருவாக்கி, 1930-களில் டெரிக் லேமர் செம்மைப்படுத்திய சோதனை ஒன்று உண்டு. 4-இல் தொடங்குங்கள். அதை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழியுங்கள். சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். இதையே திரும்பச் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்த பின் மீதி பூச்சியமானால் அது பகா எண், இல்லையேல் இல்லை.

2⁷ − 1 ஆகிய 127-ஐச் சோதிப்போம். அடுக்கு 7, ஆகவே ஐந்து முறை செய்ய வேண்டும். 4-இலிருந்து 14 வருகிறது. 14-இன் வர்க்கம் 196, இரண்டைக் கழித்தால் 194, மீதி 67. 67-இலிருந்து 4487, மீதி 42. 42-இலிருந்து 1762, மீதி 111. 111-இலிருந்து 12319, அது 127 × 97, மீதி பூச்சியம். ஐந்தாவது முறையில் பூச்சியம் வந்துவிட்டது. 127 பகா எண். இதையே 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது முறையில் 1736 என்ற மீதி நிற்கிறது. அதன் காரணிகள் 23, 89 என்பதை அறியாமலே, அது பகு எண் என்று தெரிந்துவிடுகிறது. நம் 2147483647-க்கு 29 முறை செய்தால் போதும்.

சென்ற இதழில் சொன்ன எண், 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வருவது. அதற்கு 41,024,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 3,000 இலக்கம் என்று அச்சிட்டாலும் 13,600 பக்கங்களுக்கு மேல் ஆகும். அதற்கு இந்தச் சோதனையை 13 கோடியே 62 லட்சம் முறைக்கு மேல் செய்ய வேண்டும்; ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்துவது கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணை. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கூட்டுத் தேடலில் பங்கேற்கும் தன்னார்வலர்களில் ஒருவரான லூக் டியூரன்ட், வரைகலைச் செயலிகளின் துணையால் இதைக் கண்டறிந்தார். இவ்வகைப் பகா எண்களில், அதாவது மெர்சென் பகா எண்களில், இதுவரை அறியப்பட்டவை 52. அவை முடிவின்றித் தொடருமா என்பது இன்னும் நிறுவப்படாத கேள்வி.

இச்சோதனை இந்த வடிவ எண்களுக்கு மட்டுமே உரியது. எந்த எண்ணானாலும் பகா எண்ணா இல்லையா என்பதை, இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மட்டான காலத்துக்குள், ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்யும் முறை 2002-இல்தான் கிடைத்தது. அதைக் கண்டவர்கள் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர். அவர்களில் இருவர் அப்போதுதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்திருந்தார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு எப்போதும் விருப்பம்.

பிளஸ் டூ மாணவி, மஞ்சூர்: "2² − 1 என்பது 3. 2³ − 1 என்பது 7. 2⁷ − 1 என்பது 127. 2¹²⁷ − 1 பகா எண் என்றும் படித்தேன். அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்து 1-ஐக் கழித்தாலும் பகா எண் கிடைக்க வேண்டும்தானே?"

மிக நல்ல கேள்வி. உங்கள் தொடரில் நான்கு முறை அடுத்தடுத்துப் பகா எண் வந்ததால் ஐந்தாவது முறையும் வரும் என்று எந்தத் தேற்றமும் சொல்லவில்லை. 31-இலிருந்து கிளைக்கும் தொடரில் அது பொய்த்தே விடுகிறது. நீங்கள் கேட்கும் எண்ணுக்கு 64 கோடியே 64 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. முழுவதும் எழுதிப் பார்க்கவே இயலாத அந்த எண்ணை, 295257526626031 என்னும் 15 இலக்க எண் மீதியின்றி வகுக்கிறது.

அந்த வகுஎண்ணைத் தேடிப் பிடிக்க உதவியதும், கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன அதே இரு வடிகட்டிகள்தாம். 295257526626031-இலிருந்து 1-ஐக் கழித்து, 2147483647-இன் இருமடங்காகிய 4294967294 ஆல் வகுத்தால் 68745 என்று மீதியின்றி வருகிறது. ஃபெர்மாவின் நிபந்தனை நிறைவேறியது. கடைசி மூன்று இலக்கங்களாகிய 031-ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 7. ஆய்லரின் நிபந்தனையும் நிறைவேறியது. இந்த இரண்டையும் நீங்கள் தாளில் சரிபார்த்துவிடலாம்.

அது உண்மையிலேயே வகுக்கிறது என்பதைச் சரிபார்க்க 64 கோடி இலக்கங்கள் தேவையில்லை. பள்ளிக் கணினியில் பைத்தான் என்னும் நிரல்மொழி இருந்தால் சில வரிகளில் முடியும் வேலை. 2-இல் தொடங்கி, கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, 295257526626031 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் 2-இன் அடுக்கு இருமடங்காகி ஒன்று கூடுகிறது: 1, 3, 7, 15, 31 என்று. முப்பது முறை செய்தால் அடுக்கு 2147483647 ஆகிவிடும். அப்போது மீதியாக நிற்கும் எண் 1.